யாப்புத் திருத்தம்

எங்கள் ஒன்றியத்து யாப்பு பதினொரு பக்கம்.
தட்டச்சில் அடித்தது; 'ழ' மட்டும் எல்லா இடத்திலும்
கால் உடைந்து நிற்கிறது.
யாப்பென்றால் வெண்பாவோடு சேர்ந்தது என்று
முதல் வருடம் நினைத்திருந்தேன்.
இது கோரமும் கணக்காய்வும் சந்தாவும்.
இதிலும் தளை உண்டு.
தேர்தல் காலத்தில் அடியும்.

ருஸ்னாவின் பிரேரணை ஒரேயொரு எழுத்து:
'மாணவன்' என வருமிடமெல்லாம்
'மாணவர்' என வாசிக்க.
கூட்டறிக்கைக் கொப்பியின் ஓரத்தில் அலகிட்டுப் பார்த்தேன்.
மா நேர், ணவன் நிரை: கூவிளம்.
மா நேர், ணவர் நிரை: அதுவும் கூவிளம்.
ஓசை கெடவில்லை, ஒருவருக்கும் நட்டமில்லை.
மூன்று மணித்தியாலம் எடுத்தது.

கறுவாத்தோட்டத்தில் அன்று மழை.
மண்டபத்தின் மூன்றாவது விசிறிக்குக் கீழே வாளி.
அறுபத்தொரு பேர்;
மூன்றில் இரண்டுக்கு நாற்பத்தொன்று வேண்டும்.
தலைவர் சங்கல்ப சிங்களப் பிரதியைப் புரட்டி
இதிலும் அதே கோளாறு என்றான்.
ஆங்கிலப் பிரதி யாரிடம் என்று கேட்டபோது
எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

அப்போது நிமலரூபன் எழும்பினான்.
"ஒழுங்குப் பிரச்சினை.
பிரிவு ஒன்பதின்படி வாக்குரிமை மாணவனுக்கு.
இன்னும் திருத்தேல்லைத்தானே?
அப்ப இந்தத் திருத்தத்துக்குப்
பெட்டையள் கை உயர்த்தேலாது."
பகிடிதான். பின்வரிசை சிரித்தது.
பிறகு, எழுத்தின்படி அது சரி என்பது
சிரித்த வாயோடேயே எல்லாருக்கும் விளங்கியது.
வாளியில் துளி விழும் சத்தம்.

ருஸ்னா இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்:
"பிரிவு நாலையும் வாசிங்க.
'ஒவ்வொரு மாணவனும் வருடச் சந்தா செலுத்துவான்.'
சரி. எங்கட சல்லியத் திருப்பித் தாங்க.
தொடக்கத்துல இருந்து கட்டின
எல்லாப் பொம்பளப் புள்ளைகள்டயும்."
பொருளாளர் ஹிருஷிகா
காசுப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.
அப்படியென்றால் நானும் பொருளாளர் இல்லையே என்று
வாளியைத் தூக்கிக்கொண்டு
தண்ணீரை வெளியே ஊற்றப் போனாள்.
நான் பேனையை மூடினேன்.
ஆகவே அடுத்த பதினைந்து நிமிடம் பதிவில் இல்லை.

பதிவில் இருப்பது:
ஆதரவு ஐம்பத்துநாலு. எதிர்ப்பு இல்லை.
ஏழு பேர் கன்டீனில்.
நிமலரூபனின் கையும் உயர்ந்தது,
தோள்மட்டம் வரை.

இரவு வெள்ளவத்தை அறையில்
டிப்பெக்ஸ் போத்தலோடு இருந்தேன்.
நாற்பத்துமூன்று னகரம்.
கடற்கரைத் தண்டவாளத்தில் கடைசி ரயில் போகையில்
மேசை ஆடி
ஆறாம் பக்கத்து மாணவன் ஒருவன்
தலையோடு அழிந்துபோனான்.

பத்தாம் பக்கம். பிரிவு பத்தொன்பது.
'மாணவன் ஒருவன் இறப்பின்
மலர்வளையத்துக்கு ரூபாய் 25.'
இருபத்தைந்தை வெட்டி அறுபது, நீல மையில்.
அறுபதை வெட்டி நூற்றைம்பது, பென்சிலில்.
'ஒருவன்' மேல் ஒரு கோடு;
கோட்டுக்கு மேல், வேறு கையெழுத்தில், 'அல்லது பலர்'.
ஓரத்தில், இன்னும் சிறிதாக:
'உடல் கிடைக்காவிடினும்.'

பிரேரித்தவர் பெயர் இல்லை.
வழிமொழிந்தவர் இல்லை, திகதி இல்லை.
இந்த வரிக்கு மட்டும் எவரும்
மூன்றில் இரண்டு கேட்கவில்லை.
அலுமாரியில் அந்த வருடங்களின் கொப்பிகளே இல்லை
என்பது எனக்கு முன்பே தெரியும்.
செயலாளராக வந்த நாளில் எண்ணிக் கையொப்பமிட்டவள் நான்தான்.

தூரிகையைப் பிடித்தபடியே இருந்ததில்
நுனியில் வெள்ளை காய்ந்துவிட்டது.
அந்த ஒற்றை அழிக்கவில்லை.
பக்கத்தில் பேனையால் ஒரு 'ர்' எழுதி
சுருக்கொப்பம் வைத்து
திகதி போட்டேன்.

காலையில் பம்பலப்பிட்டியில்
அறுபத்தொரு பிரதி எடுக்கவேண்டும்.
மெசினில் பென்சில் எழுத்து விழுமோ தெரியாது.
கறுப்பைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ அண்ணை என்று
மறக்காமல் சொல்லவேண்டும்.